கடல்கட்டிகள்

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் எங்கள் கடற்கரையில் கடல்கட்டி என்றொரு உத்தியோகம் இருந்தது. முத்தெடுக்கிறவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கல்லோடு கடலுக்குள் இறங்குமுன், இவர் கரையில் நின்று மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவார். சும்மா இல்லை, கூலி உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்துபோன மார்க்கோ போலோ கணக்கே எழுதி வைத்திருக்கிறார்: கிடைக்கிற முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு, இருபதில் ஒரு பங்கு மீனைக் கட்டுகிறவருக்கு. பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம். ராத்திரியில் எவனும் திருட்டு முத்து எடுத்துவிடக் கூடாதே! பிற்பாடு வந்த வெள்ளைக்காரத் துரைமாரும் இவருக்குப் படியளந்தார்கள். துரைக்கு மந்திரத்தில் நம்பிக்கை வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கடல்கட்டி வந்து நிற்காவிட்டால் ஒருத்தனும் தண்ணீரில் கால் வைக்கமாட்டான் என்பது துரைக்குத் தெரியும்.

இந்த உத்தியோகத்தின் ருசியே அதன் வரவுசெலவில் இருக்கிறது. முங்கியவன் மேலே வந்தால் மந்திரம் பலித்தது. வராவிட்டால் அந்தப் பயல் ஏதோ தீட்டோடு இறங்கியிருக்கிறான். எது நடந்தாலும் கடல்கட்டியின் கால் நனையாது; பங்கும் குறையாது.

1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நின்றுபோனது. கடல்கட்டிகளின் வம்சமும் அதோடு அற்றுப்போயிற்று என்று இத்தனை காலம் அப்பாவித்தனமாக நம்பிக்கொண்டிருந்தேன். 2021-ல் பார்த்தால், டெல்லியிலிருந்து எங்கள் தெருமுனை வரைக்கும் வரிசையாக நிற்கிறார்கள். இந்தத் தடவை தண்ணீரில் இருந்தவள் பிள்ளைத்தாய்ச்சி.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். திருச்செந்தூரில் பிள்ளை என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்ற சொல்லை நம்பி, ஐப்பசி மாதம் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடக்கிற பெண்கள் கோயில் வளாகத்திலேயே பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். ஈரச்சேலையோடு அங்கப்பிரதட்சணம். நாழிக்கிணற்றுத் தண்ணீர். பன்னீர் இலை விபூதி. உண்டாகிவிட்டால் அப்புறம் அவள் பெண்ணில்லை, கோயில் தேர். ஊரே வடம் பிடிக்கும். பப்பாளி தின்னாதே, கிரகணத்தில் வெளியே வராதே, உச்சிப் பொழுதில் புளியமரத்தடியில் நிற்காதே. இத்தனை காவல் உள்ள ஊரில் அவளுக்கு ஒரு கெடுதல் வரும் என்று யாராவது நினைக்க முடியுமா?

2021 ஜனவரி 16 அன்று நாடு முழுக்கக் கொரோனா தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். முதலில் மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர். மார்ச்சில் 60 தாண்டியவர்கள். ஏப்ரலில் 45. மே 1 முதல் 18 வயதான எல்லாருக்கும் என்றார்கள். இந்தப் படிக்கட்டின் எந்தப் படியிலும் கர்ப்பிணிக்கு இடமில்லை. மே 19 வரைக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் இல்லை. காரணம் கேட்டால், சோதனையில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை, அதனால் தரவு இல்லை, அதனால் ஊசி இல்லை. ஏன் சேர்க்கவில்லை? கர்ப்பிணி அல்லவா, அவளைக் காப்பாற்ற வேண்டாமா!

அதாவது சோதனையிலிருந்து காப்பாற்றினார்கள். பிறகு ஊசியிலிருந்து காப்பாற்றினார்கள். நோயிலிருந்து காப்பாற்றுவது யார் பொறுப்பு என்று அந்தக் கோப்பில் ஒரு வரியும் இல்லை.

தரவு இல்லாமல் அடி எடுத்து வைக்கமாட்டோம் என்கிற இந்த ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன். மதித்தே தீர வேண்டும், ஏனென்றால் அது அத்தனை அபூர்வமாக வெளிப்பட்ட ஒழுக்கம். அதே ஜனவரியில், 3-ஆம் தேதி, கோவேக்சின் ஊசிக்கு மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வருமுன்பே அனுமதி கொடுத்தார்கள். 'மருத்துவச் சோதனை முறையில்' என்று அதற்கு ஒரு பெயரும் சூட்டினார்கள். அடுத்த மாதம் பதஞ்சலியின் கொரோனில் மாத்திரை மேடையேறியபோது மத்திய சுகாதார அமைச்சரே பக்கத்தில் நின்றார். அதற்கு முந்தின வருஷம் இன்னொரு மத்திய அமைச்சர் அப்பளப் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, இதைத் தின்றால் எதிர்ப்புச் சக்தி வரும் என்றார். தட்டைத் தட்டினோம், ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கு ஏற்றினோம். இங்கே தெருத்தெருவாக அண்டாவில் கபசுரக் குடிநீர் காய்ச்சி ஊற்றியபோது, டம்ளரை நீட்டுமுன் ஆய்வறிக்கை எங்கே என்று கேட்டவர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள். அப்பளத்துக்குக் கேட்காத தரவை, அண்டாவுக்குக் கேட்காத தரவை, ஒரே ஒருத்தியிடம் மட்டும் கேட்டோம். அதுவும் அவளைச் சோதனைக்கூடத்து வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே உன் கணக்கு இல்லையே என்று கேட்டோம்.

தாலிடோமைடை மறக்க முடியுமா என்று படித்தவர்கள் சொல்வார்கள். முடியாது, மறக்கவும் கூடாது. 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தூக்க மாத்திரை அது. மசக்கை வாந்திக்கும் நல்லது என்று நாடு நாடாக விற்றார்கள். 1961-ல் நிறுத்துவதற்குள் பல ஆயிரம் குழந்தைகள் கையும் காலும் குறைந்து பிறந்துவிட்டார்கள். கர்ப்பிணிக்கு ஆகுமா என்று சரியாகப் பார்க்காமல் விற்றதால் வந்த கேடு. அதிலிருந்து படிக்க வேண்டிய பாடம், கர்ப்பிணிக்கென்று ஒழுங்காகச் சோதித்துப் பார் என்பது. உலகம் படித்துக்கொண்ட பாடமோ, கர்ப்பிணியைச் சோதனைப் பக்கமே அண்ட விடாதே என்பது. சமையலில் ஒருநாள் உப்புக் கூடிப்போயிற்றென்று மருமகளை அடுக்களைக்குள்ளேயே விடாத மாமியார் உண்டா? உண்டு. அவருக்கு வெள்ளைக் கோட்டும் உண்டு.

சரி, இப்படிப் பத்திரமாகப் பொத்தி வைக்கப்பட்டவள் அந்த நாட்களில் எங்கே இருந்தாள்? பட்டு மெத்தையிலா? ஆறுமுகநேரியிலும் காயல்பட்டினத்திலும் உப்பளத்தில் விடியுமுன் கால் வைத்து நின்றாள். ஏப்ரல் 6 அன்று வாக்குச்சாவடி வரிசையில் நின்றாள். மாசமாக இருக்கிறவள் என்று முன்னால் விட்டார்கள், ஜனநாயகம் அவளுக்குக் கடன்பட்டது. மே 15-க்குப் பிறகு 2,000 ரூபாய் நிவாரணம் வாங்க ரேஷன் கடையில் நின்றாள். மாதாமாதம் வயிற்றைக் காட்ட அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து, இருமுகிற நாற்பது பேருக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்தாள். வாக்குப்போட ஆகிற உடம்பு, உப்பு சுமக்க ஆகிற உடம்பு, வரிசையில் வேக ஆகிற உடம்பு. அரை மில்லி மருந்துக்கு மட்டும் ஆகாத உடம்பு!

இரண்டாம் அலை மே மாதம் உச்சிக்குப் போனது. நாடு முழுக்க ஒரே நாளில் 4 லட்சம் பேருக்கு மேல்; தமிழ்நாட்டில் மட்டும் மே 21 அன்று 36,000-க்கு மேல். அந்த மாதம் மதுரையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் கொரோனாவில் செத்துப்போனார். எட்டு மாதக் கர்ப்பிணி. நோயாளி முகத்துக்கு நேரே உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், ஊசிக்கு முதல் வரிசையில் நிற்க வேண்டியவர். வயிற்றில் பிள்ளை இருந்ததால் அவருக்கு வரிசையே இல்லை. வேலையிலிருந்து அவரைக் காப்பாற்ற எந்தச் சுற்றறிக்கையும் கைகொடுக்கவில்லை. ஊசியிலிருந்து காப்பாற்றத்தான் கைகொடுத்தது.

இதை எழுதும்போது அங்கதம் என் கையைவிட்டுப் போகிறது. போகட்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்த ஜூனில் ஒரு கணக்கு வெளியிட்டது. நோய் தொற்றிய 1,530 கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்ற பெண்களையும் இரண்டு அலைகளிலுமாகப் பார்த்த கணக்கு. நோய்க்குறி தெரிந்தவர்கள் முதல் அலையில் நூற்றுக்கு 14.2, இரண்டாம் அலையில் 28.7. செத்தவர்கள் முதல் அலையில் நூற்றுக்கு 0.7; இரண்டாம் அலையில் 5.7. எட்டு மடங்கு. பேறுகாலத்தில் தாயைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டி. ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 சாவு என்று 2018–20-க்கான மத்திய அரசின் கணக்கு சொன்னபோது, நாட்டுச் சராசரி 97. ஊர் ஊராக நர்ஸம்மாக்கள் நடந்து தேய்த்த செருப்பில் வந்த எண் அது. அந்தச் செருப்பைத்தான் கர்ப்பிணிக்கு ஊசி மறுத்த ஐந்தரை மாதத்தில் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டு, நட பார்ப்போம் என்றார்கள்.

தரவு இல்லை என்ற சாக்கும் அதற்குள் கிழிந்துபோயிருந்தது. அமெரிக்காவில் ஊசி போட்டுக்கொண்ட 35,000-க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளின் விவரம் ஏப்ரலிலேயே வெளிவந்தது. கருவுக்குக் கேடு என்று எதுவும் தட்டுப்படவில்லை. ஏப்ரல் 16 அன்று பிரிட்டன், கர்ப்பிணிகளுக்கும் வயது வரிசைப்படி கொடுக்கலாம் என்றது. இங்கே தடுப்பூசிக்கான தேசியத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு மே மாதக் கடைசியில் போடலாம் என்று பரிந்துரைத்தது. அமைச்சகம் ஒப்புதல் கொடுத்த தேதி ஜூலை 2. நடுவே ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் காகிதம் எந்த மேசையில் மல்லாந்து படுத்திருந்ததோ, எந்த மாமியார் அதற்குக் கால் பிடித்துவிட்டாரோ. தேதி முதல் தேதி வரை எண்ணினால் 167 நாள். முதல் ஊசி போட்ட அன்று நாள் தள்ளிப்போனவளுக்கு வளைகாப்பே நடந்து முடிந்திருக்கும்.

அவசரம் என்றால் அரசாங்கத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஓட வரும், அது எங்கள் மாவட்டத்துக்குத் தெரியும். ஸ்டெர்லைட் ஆலைப் புகையில் மூச்சு முட்டுகிறது என்று ஊர்வலம் போன தூத்துக்குடிக்காரர்கள் 13 பேரை 2018 மே 22-லும் அதை ஒட்டியும் சுட்டுக் கொன்றார்கள். மூன்று வருஷம் கழித்து, ஊருக்கு மூச்சுக்காற்று வேண்டும் என்று அதே ஆலையின் கதவை ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டது. மே மாத நடுவில் ஆக்சிஜன் லாரி புறப்பட்டுவிட்டது. பூட்டிய ஆலையை இரண்டு வாரத்தில் திறக்க முடிகிற நாட்டில் ஒரு மருந்துக் குப்பியின் மூடியைத் திறக்க 167 நாள்.

கோவின் இணையதளத்தையும் சொல்லாமல் விட்டால் பாவம். ஊசிக்குப் பதிவு செய்கிற அந்தத் தளத்தில் ஜூன் தொடக்கத்தில் இந்திய மொழிகளை வரிசையாகச் சேர்த்தபோது தமிழ் விட்டுப்போயிற்று. சத்தம் போட்ட பிறகு சேர்த்தார்கள். தமிழும் கர்ப்பிணிதான் போலிருக்கிறது.

டெல்லிக் கடல்கட்டிகள் ஒருவழியாகக் கட்டை அவிழ்த்தார்கள் என்று பார்த்தால், உள்ளூர்க் கடல்கட்டிகள் அதற்குள் கரையில் கூடிவிட்டார்கள். இவர்கள் இன்னும் ஆபத்தானவர்கள், ஏனென்றால் கையில் செல்போன். ஊசி போட்டால் கரு கலையும். பிறக்கிற பிள்ளை மலடாகும். பால் வற்றும். அனுப்பியவர் யார்? மாமா. அவருக்கு அனுப்பியவர் யார்? இன்னொரு மாமா. ஆதி மாமா எங்கே இருக்கிறார் என்பது பரம்பொருளைப் போல, தேடியவர் கண்டதில்லை. அந்த ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். 17 அன்று மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று மத்திய ஆய்வுக் குழு சொல்ல ஆறு மாதம் ஆயிற்று. மாமாக்களுக்கு ஆறு நிமிஷம் போதுமாக இருந்தது. மரம் நடச் சொல்லி ஊர் ஊராகச் சுற்றிய மனிதரின் பிணத்தை வைத்து ஊசிக்கு எதிராகப் பந்தல் போட்டார்கள்.

இதில் படித்த கடல்கட்டி ஒரு தனி ரகம். ஒரு தனியார் டாக்டரிடம் எங்கள் உறவுக்காரப் பெண் கேட்டாள்: "டாக்டர், போடலாமா?" அவர் ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி சொன்னார்: "அது உங்க இஷ்டம்மா." சிசேரியன் செய்வதா வேண்டாமா என்பதில் அவள் இஷ்டத்தை அவர் கேட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. உயிர் போகிற விஷயத்தில் மட்டும் திடீரென்று பெண் சுதந்திரம்! கயிறு பிடித்திருக்கிறவன், உன் இஷ்டம், இழுக்கவா வேண்டாமா என்று தண்ணீருக்குள் இருப்பவளிடம் கேட்கிற மாதிரி. பழைய முத்துக்குளிப்பில் அந்தக் கயிற்றைப் பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானைத்தான் நிறுத்துவார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வதுண்டு. தங்கச்சி தாலி அறுக்க அவன் சம்மதிக்கமாட்டான் அல்லவா.

அரசாங்கத்துக்கு மனசே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த செப்டம்பரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரிய முகாம் நடத்தினார்கள். கறி தின்றால், தண்ணி போட்டால் ஊசி ஆகாது என்ற வதந்தியில் ஞாயிறு கூட்டம் குறைகிறது என்று தெரிந்ததும், அக்டோபர் 23 முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார் தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சர். தப்பு சொல்லவில்லை, கெட்டிக்கார யோசனைதான். குடிமகனின் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாரத்தில் வழி பிறந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்குத் தன்னுடைய நாள் வர ஐந்தரை மாதம். அவளும் பேசாமல் டாஸ்மாக் வாசலில் போய் நின்றிருக்கலாம்.

எனக்கு இதில் ஆறாத எரிச்சல் எது தெரியுமா? இந்தக் கடற்கரையில் எந்த ஆச்சிக்கும் இதை விளக்கவே வேண்டியதில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற என்ன கொடுப்பாய் என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், பால்சுறாப் புட்டு என்பாள். பச்சை உடம்புக்காரிக்குக் காயம் கிண்டுவாள், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றி உளுந்தங்களி கொடுப்பாள். தாய் தின்றது பிள்ளைக்குப் போகும் என்பது அவள் வேதம். தாயின் உடம்பு கற்றுக்கொண்ட எதிர்ப்பும் அப்படியே நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது, கொஞ்சம் பாலிலும் போகிறது என்பதுதானே இந்த ஊசியின் கணக்கு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு உலகத்தில் எங்கும் கொரோனா ஊசி கிடையாது. அதற்குச் சொத்து தாய் எழுதி வைப்பது மட்டும்தான். கர்ப்பத்தில் ஊசி போட்ட தாயின் பிள்ளை அந்த ஆறு மாதத்துக்குள் கொரோனாவால் ஆஸ்பத்திரியில் படுக்கிற வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்ததாக 2022-ல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் எழுதியது. ஸ்காட்லாந்தில் 2021 அக்டோபர் வரை தொற்றுக்கு ஆளாகித் தீவிர சிகிச்சைக்குப் போன கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 98 பேர் ஊசி போடாதவர்கள்.

ஸ்காட்லாந்து எதற்கு, ஆச்சியின் தோளைப் பாருங்கள். அவள் காலத்தில் தொப்புள்கொடியை அரிவாளில் அறுத்துச் சாம்பலை அப்பிவைத்து, ஏழாம் நாள் பிள்ளை விறைத்துச் செத்தால், பேய் அடித்தது என்பார்கள். அடித்தது ரண ஜன்னி. கர்ப்பிணிக்கு டி.டி. ஊசி போடப் போட அது குறைந்தது. 2015-ல் இந்தியாவில் அது ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. தாய்க்குக் குத்திப் பிள்ளையைக் காப்பாற்றுகிற வித்தை இந்த ஊருக்கு இரண்டு தலைமுறைப் பழசு. அந்த ஊசி ஏறிய கையால்தான் மாமாவின் வாட்ஸ்அப்பை மறுபடி அனுப்பினோம்.

2021 ஆடியில் எங்கள் தெருவுக்கு நர்ஸம்மா வந்தார். ஊசிப் பெட்டி, மஞ்சள் பை, கக்கத்தில் கர்ப்பிணிகள் பதிவேடு. ஏழு மாதக்காரி ஒருத்தி வீட்டு வாசலில் ஆச்சி வழிமறித்தாள்.

"ஆடி மாசம், எங்க பிள்ளைக்கு எதுவும் வேண்டாம் தாயி. ஆவணி பொறக்கட்டும்."

"கொரோனா ஆடி, ஆவணி பாத்தா வருது, ஆச்சி?"

"நீ சின்னப் பிள்ள, ஒனக்குத் தெரியாது."

"ஒங்க மருமவளுக்கு டி.டி. போட்டது நாந்தான். இவ மாப்பிள்ள வயித்துல இருந்தப்போ."

ஆச்சி நர்ஸம்மாவின் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். விலகி நின்றாள். உள்ளேபோய்ப் பன்னீர் இலை விபூதியை எடுத்துவந்து பேரன் பெண்டாட்டி நெற்றியில் பூசினாள். ஊசி குத்துகிற தோளிலும் ஒரு கோடு இழுத்தாள். நர்ஸம்மா அந்தக் கோட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டுக் குத்தினார். ஆச்சிக்கு மனசு வருத்தம்.

புரட்டாசியில் சுகப்பிரசவம். தையில் மூன்றாம் அலை வந்து வீட்டில் எல்லாரும் இருமினார்கள், தாய்க்கும் இரண்டு நாள் காய்ச்சல். மூன்று மாதப் பிள்ளை மட்டும் தூளியில் நிம்மதியாகத் தூங்கியது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஆச்சி கணக்குச் சொன்னாள்: முருகனுக்கு நேர்ந்த மொட்டை பாதி, அமலிநகர்க் கரையில் பேரம் பேசி வாங்கிய பால்சுறா கால், அவள் கையால் கிண்டின காயம் கால். அடுத்த ஊசிக்குப் பேர் எழுத வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மா எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். காப்பி வருவதற்குள், ஆலந்தலையில் இன்னும் இரண்டு பேர் பாக்கி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.